எல்லையோரத்தில் சம்மன்: சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் ஒரு தினுசான இடம். கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, எருத்தேம்பதி, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்தில் தோப்பு கேரளத்தில் இருக்கும், உடையவர் வீடு பொள்ளாச்சியில் இருக்கும். பெண் கொடுத்தது அந்தப் பக்கம், கடன் கொடுத்தது இந்தப் பக்கம். வழக்கு என்று வந்துவிட்டால் சம்மன் எல்லையைத் தாண்டாமல் வேலை நடக்காது. அது எப்படித் தாண்டுகிறது, வந்தால் என்ன செய்வது, வராமலே தீர்ப்பு வந்துவிட்டால் என்ன வழி என்பதை இங்கே தொகுத்திருக்கிறோம். பிரிவு எண்களைத் தேவையான இடத்தில் மட்டும் தந்திருக்கிறோம், உங்கள் வக்கீலிடம் காட்டிப் பேச வசதியாக இருக்கும்.

வக்கீல் நோட்டீஸ் ஒன்று வந்திருக்கிறது. இதுதான் சம்மனா?

இல்லை. வக்கீல் நோட்டீஸ் எதிராளி தன் வக்கீலை வைத்து எழுதும் கடிதம். கோர்ட் இன்னும் உள்ளே வரவில்லை. சம்மன் என்பது கோர்ட் அனுப்புவது. அதில் கோர்ட்டின் முத்திரை இருக்கும், வழக்கு எண் இருக்கும், ஆஜராகவேண்டிய தேதி இருக்கும். சிவில் வழக்கானால் பிராதின், அதாவது வாதி கோர்ட்டில் கொடுத்த வழக்கு மனுவின், நகலும் கூடவே இருக்கவேண்டும். இல்லையென்றால் வாங்கும்போதே அதைக் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

கேரளக் கோர்ட் சம்மன் தமிழ்நாட்டில் செல்லாது என்கிறார்களே?

டீக்கடை வாசலில் சொல்லும் சட்டம் அது. 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். வேறு மாநிலத்தில் இருப்பவருக்குச் சம்மன் அனுப்புவது எப்படி என்று அதன் 28ஆம் பிரிவே சொல்கிறது.

சித்தூர் முன்சீப் கோர்ட்டில் வழக்கு, பிரதிவாதி பொள்ளாச்சிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். சித்தூர் கோர்ட் சம்மனைப் பொள்ளாச்சிக் கோர்ட்டுக்கு அனுப்பும். அங்கே சம்மன் சேர்க்கும் வேலையைக் கவனிக்கும் நாசர் பிரிவில் பதிவாகி, அந்தக் கோர்ட்டின் ஊழியர் கையில் போகும். நம் ஊர்ப் பேச்சில் அவரை அமீனா என்பார்கள். அவர் வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டு, எப்போது, யாரிடம், எப்படிக் கொடுத்தேன் என்று எழுதித் தருவார். பொள்ளாச்சிக் கோர்ட் அதைத் தன் சம்மனைப் போலவே நடத்தி, அறிக்கையோடு சித்தூருக்குத் திருப்பி அனுப்பும். அறிக்கை தமிழில் இருந்தால் அதற்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ மொழிபெயர்ப்பும் சேரவேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

இத்தனை கை மாறுவதால் தாமதமாகிறது. வழக்குப் போட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் சம்மன் அனுப்பலாம் என்று 27ஆம் பிரிவு சொன்னாலும், எல்லைப் பக்கத்து வழக்குகளில் முதல் வாய்தாவுக்குள் அறிக்கை திரும்பி வந்தால் அதிர்ஷ்டம். அதனால்தான் வக்கீல்கள் கோர்ட் வழியாக ஒன்று, ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று என இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள். கூரியர், ஃபேக்ஸ், மின்னஞ்சல் ஆகியவற்றையும் 2002இல் அமலுக்கு வந்த திருத்தம் அனுமதிக்கிறது. முன்பிருந்த பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. பழைய சட்ட வாசகத்தில் அந்தப் பெயரைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

இன்னொரு விஷயம். ஆந்திராவிலும் ஒரு சித்தூர் இருக்கிறது. நகரி, புத்தூர் பக்கத்தில் உறவு உள்ள குடும்பங்களுக்கு இரண்டு ஊரிலும் வழக்கு இருப்பது உண்டு. கவரில் பின்கோடைப் பாருங்கள். 678 என்று தொடங்கினால் பாலக்காட்டுச் சித்தூர், 517 என்றால் ஆந்திரச் சித்தூர். வாய்தாவுக்குத் தவறான ஊருக்குப் பஸ் ஏறிவிடக் கூடாது.

வாங்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டால்?

வாங்கியதாகவே கணக்கு. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. எங்கள் பக்கத்தில் சம்மனை வாங்காமல் இருப்பதையே ஒரு சாமர்த்தியம் என்று நினைக்கும் வழக்கம் பலமாக இருக்கிறது.

நேரில் கொண்டுவரும் ஊழியரிடம் கையெழுத்துப் போட மறுத்தால் அவர் நகலை வீட்டின் வெளிக்கதவிலோ எல்லோர் கண்ணிலும் படும் இடத்திலோ ஒட்டிவிட்டுப் போவார். வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினேன் என்பதை அறிக்கையில் எழுதவேண்டும். அவரைச் சத்தியப் பிரமாணத்தில் விசாரித்தோ, அவர் கொடுக்கும் பிரமாண வாக்குமூலத்தைப் பார்த்தோ, சம்மன் முறையாகச் சேர்ந்தது என்று கோர்ட் அறிவிக்கலாம். தபாலில் வந்ததை மறுத்தால் தபால்காரர் 'வாங்க மறுத்தார்' என்று எழுதுவார். அதுவே போதும். சரியான முகவரிக்கு உரிய கட்டணத்தோடு அனுப்பிய தபாலின் ஒப்புகை அட்டை தொலைந்து போனாலும், 30 நாளில் கோர்ட்டுக்கு வராவிட்டாலும்கூட, சேர்ந்ததாக அறிவிக்க இடமிருக்கிறது.

சம்மனை வாங்கினால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயமும் தேவையில்லை. கையெழுத்துக்கு அர்த்தம் 'இந்தக் காகிதம் என் கையில் சேர்ந்தது' என்பது மட்டும்தான். வாங்காதவர் இழப்பது பிராதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும் வாய்ப்பை. வழக்கு பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

நான் வேலைக்குப் போயிருந்தபோது வீட்டில் அம்மா வாங்கிவிட்டார். செல்லுமா?

செல்லும். நீங்கள் வீட்டில் இல்லை, சீக்கிரம் வருவதற்கான அறிகுறியும் இல்லை, உங்கள் சார்பில் வாங்க வேறு ஆளும் இல்லை என்றால், உங்களோடு அந்த வீட்டில் குடியிருக்கும் வயது வந்த குடும்பத்தார் யாரிடமும் கொடுக்கலாம், ஆணோ பெண்ணோ. வேலைக்காரரிடம் கொடுத்தால் செல்லாது என்று சட்டமே தெளிவாகச் சொல்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, தோப்புக் காவல்காரர், அந்த வீட்டிலேயே இல்லாத மாமனார் ஆகியோரும் கணக்கில் வரமாட்டார்கள்.

கிரிமினல் வழக்கில் முன்பு வயது வந்த ஆண் உறுப்பினரிடம்தான் கொடுக்கவேண்டும் என்றிருந்தது. 2024 ஜூலை 1இல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அந்த 'ஆண்' என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது.

நாங்கள் மூணாறில் எஸ்டேட் வேலையில் இருந்து ஓய்வு பெற்றுத் தென்காசிப் பக்கம் வந்துவிட்டோம். சம்மன் பழைய லயத்துக்கே போகிறது.

தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலைத் தாலுகாக்களில் இது பழகிப்போன சிக்கல். லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடு எஸ்டேட்டுடையது. வேலை முடிந்தால் காலி செய்து சொந்த ஊருக்கு வந்துவிடுகிறோம். ஆனால் பழைய கடன் பத்திரத்திலும் ஜாமீன் கையெழுத்திலும் லயத்து முகவரிதான் நிற்கிறது.

சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் வீட்டுக் கதவில் ஒட்டினால்தான் அது ஒட்டியது. வேறு குடும்பம் வாழும் பழைய லயத்தில் ஒட்டியதைக் கேள்வி கேட்கலாம். ஆனால் அதற்கு நீங்கள் எப்போது இடம் மாறினீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும். எஸ்டேட் கொடுத்த ஓய்வுச் சான்று, புதிய ரேஷன் கார்டு, மின் இணைப்பு ரசீது, பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்று ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வைத்திருங்கள். வங்கிக்கும் சொசைட்டிக்கும் முகவரி மாற்றத்தை எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை வாங்கி வைத்தால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

பேப்பரில் விளம்பரம் போட்டுவிட்டார்களாம். நான் அந்தப் பேப்பரே வாங்குவதில்லை.

நீங்கள் வாங்குவதில்லை என்பது காரணமாகாது. வேண்டுமென்றே ஒளிகிறார், அல்லது சாதாரண வழியில் கொடுக்கவே முடியவில்லை என்று கோர்ட் நம்பினால் நாளிதழ் விளம்பரத்துக்கு உத்தரவிடலாம். நேரில் கொடுத்ததற்குச் சமமான பலன் அதற்கு உண்டு. ஆனால் எந்த நாளிதழ் என்பது முக்கியம். நீங்கள் கடைசியாகக் குடியிருந்த அல்லது தொழில் செய்த பகுதியில் ஓடும் நாளிதழாக இருக்கவேண்டும். பொள்ளாச்சியில் வாழ்கிறவருக்குப் பாலக்காட்டு மலையாளப் பதிப்பில் விளம்பரம் கொடுப்பது பின்னால் வாதிக்கே வம்பாகும். கோவைப் பதிப்புத் தமிழ் நாளிதழ் வேண்டும் என்று மனுவிலேயே கேட்பதுதான் விவரமான வேலை.

சம்மன் மலையாளத்தில் இருக்கிறது. எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்.

மொழி புரியவில்லை என்பது வாங்காமல் இருக்கக் காரணமாகாது. வழக்கு எண்ணும் தேதியும் எப்படியும் இலக்கத்தில்தான் இருக்கும், முதலில் அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிராது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும்.

கேரளத்தில் 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளலாம். அதை நம்பிக் கோர்ட்டிலும் தமிழிலேயே பதில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த உரிமை அரசு அலுவலகங்களுக்கானது. கீழ்க்கோர்ட்டுகளின் மொழியை முடிவு செய்வது தனி ஏற்பாடு. காகிதத்தைப் படித்துச் சொல்லக்கூட ஆள் இல்லையென்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். தொலைபேசி எண் 15100.

வாங்கிவிட்டேன். எத்தனை நாள் இருக்கிறது?

சாதாரண சிவில் வழக்கில் எதிருரை, அதாவது பிராதுக்கு உங்கள் எழுத்துப் பதில், தாக்கல் செய்ய 30 நாள். காரணம் காட்டினால் கோர்ட் 90 நாள் வரை நீட்டித்துத் தரலாம். வணிக வழக்கில் 120 நாளோடு கதவு மூடிவிடும், அதற்கு மேல் கெஞ்சினாலும் நடக்காது. நாள் எண்ணுவது உங்களுக்குச் சம்மன் கிடைத்த தேதியிலிருந்து. அதனால் கவரைத் தூக்கிப் போடாதீர்கள், அதிலுள்ள தபால் முத்திரை பின்னால் உதவும்.

எனக்குச் சம்மனே வரவில்லை. தோப்பு ஜப்தி என்று வந்தபோதுதான் தீர்ப்பு ஆகிவிட்டதே தெரிந்தது. இனி என்ன வழி?

ஒரு தரப்பு ஆஜராகாமலே கொடுக்கும் இதை எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு என்பார்கள். அதை ரத்து செய்யக் கேட்டு, தீர்ப்பளித்த அதே கோர்ட்டில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 9 விதி 13இன் கீழ் மனுப் போடவேண்டும். ஜப்திக் காகிதம் பொள்ளாச்சிக் கோர்ட்டிலிருந்து வந்திருக்கலாம், ஏனென்றால் ஒரு மாநிலத்துத் தீர்ப்பை நிறைவேற்ற மற்ற மாநிலக் கோர்ட்டுக்கு மாற்றி அனுப்ப முடியும். ஆனால் நிறைவேற்றும் கோர்ட் தீர்ப்புச் சரியா தவறா என்று பார்க்காது. அங்கே போய் மணிக்கணக்காக வாதாடுவதால் பயனில்லை. தீர்ப்பு சித்தூரில் என்றால் மனுவும் சித்தூரில்தான்.

காலக்கெடு 30 நாள். எந்த நாளிலிருந்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சம்மன் முறையாகச் சேர்ந்திருந்தால் தீர்ப்புத் தேதியிலிருந்து. முறையாகச் சேரவில்லை என்றால் தீர்ப்பு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், பிரிவுக்கூறு 123. அதன் கீழே ஒரு விளக்கம் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை: நாளிதழ் விளம்பரம் போன்ற மாற்று வழியில் சேர்த்திருந்தால், இந்தக் காலக்கெடுவுக்கு அது முறையாகச் சேர்ந்ததாகாது. ஆகவே விளம்பரத்தின் பேரில் தீர்ப்பு வந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 30 நாள் கிடைக்கும்.

மனு எழுதும் முன் ஒரு வேலை. கோர்ட் பதிவேட்டிலிருந்து சம்மன் ஊழியரின் அறிக்கைக்கு நகல் மனுப் போட்டு வாங்குங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, வீட்டைக் காட்டியது யார், சாட்சி யார், கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். காட்டியவர் வாதியின் மச்சானாக இருக்கலாம். சாட்சி அந்த ஊரிலேயே இல்லாதவராக இருக்கலாம். உங்கள் பெயரில் வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருக்கலாம். இதைப் பார்க்காமல் 'எனக்குச் சம்மன் வரவில்லை' என்று ஒற்றை வரியில் எழுதும் மனுக்கள் ஏன் தோற்கின்றன என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எதிர்த்தரப்புக்கும் ஓர் ஆயுதம் உண்டு. சம்மன் சேர்த்ததில் சின்னக் குறை இருந்தாலும், விசாரணைத் தேதி உங்களுக்குத் தெரிந்திருந்து, வருவதற்கு நேரமும் இருந்தது என்று கோர்ட் கருதினால் ரத்து செய்யாது. பஞ்சாயத்தில் இந்த வழக்கைப் பற்றி நீங்கள் பேசியதற்குச் சாட்சி இருந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை, எக்ஸ்பார்ட்டி என்று குறித்து வழக்கைத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்றால் வேலை சுலபம். அடுத்த வாய்தாவிலேயே ஆஜராகி, முன்பு வராததற்குத் தகுந்த காரணம் சொல்லிச் சேர்ந்துகொள்ளலாம். தீர்ப்பை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு என்பதால், இத்தனை நாள் யாரும் வரவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது.

லாரி ஓட்டுகிறேன். வாளையார் பக்கம் நடந்த விபத்துக்கு நஷ்டஈட்டு வழக்கு நோட்டீஸ் எனக்கும் வந்திருக்கிறது. இன்சூரன்ஸ் இருக்கிறது, நான் எதற்குப் போகவேண்டும்?

விபத்து நடந்த இடத்திலும் வழக்குப் போடலாம், பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். அதனால் நோட்டீஸ் எங்கிருந்தும் வரும். டிரைவர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரும் எதிர்மனுதாரர்கள். டிரைவரும் முதலாளியும் வராமல் விட்டால், லைசன்ஸ் செல்லாது, பெர்மிட் இல்லை என்று கம்பெனி சொல்வதை மறுக்க ஆள் இருக்காது. கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு முதலாளியிடம் வசூல் செய்துகொள்ளலாம் என்றும் தீர்ப்பாகலாம். நோட்டீஸை வாங்கி அன்றே முதலாளியிடம் கொடுங்கள், அவர் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்கட்டும். லைசன்ஸ் நகலை, இந்த வழக்கை விசாரிக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்வது உங்கள் பொறுப்பு.

செக் பவுன்ஸ் நோட்டீஸை வாங்காமல் விட்டால் வழக்கே போட முடியாதாமே?

முடியும். வங்கியிலிருந்து செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் செக் வாங்கியவர் நோட்டீஸ் அனுப்பவேண்டும், கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் பணம் கட்டவேண்டும், கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் வழக்குப் போடவேண்டும். சரியான முகவரிக்குத் தபாலில் அனுப்பியிருந்தால் சேர்ந்ததாகவே ஊகிக்கலாம் என்று, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்னது. நோட்டீஸ் உண்மையிலேயே வரவில்லை என்பவர் கோர்ட் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டிவிட்டு வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்ற வழியும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

வாட்ஸப்பில் ஒரு சம்மன் வந்திருக்கிறது. நம்பலாமா?

முதலில் சரிபாருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் சிஎன்ஆர் எனப்படும், எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடம் கொண்ட அடையாளம் உண்டு, கேரள வழக்கானால் கேஎல் என்ற எழுத்துகளில் தொடங்கும். ஈகோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ அதைப் போட்டால் கட்சிக்காரர் பெயரும் அடுத்த வாய்தாவும் தெரியும். எதுவும் வரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் கேட்டால் அது மோசடி. அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள்.

கிரிமினல் கோர்ட் சம்மன் மின்வழியில் வருவதற்குப் புதிய சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் விசாரணைக்கு ஆஜராகும்படி குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போலீஸ் தரும் நோட்டீஸை வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. சாட்சியாக விசாரிக்கவேண்டுமென்றால் பெண்களையும் 60 வயது கடந்த ஆண்களையும் போலீஸ்தான் வீடு தேடி வந்து விசாரிக்கவேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது.

இறந்துபோன அப்பா பெயருக்குச் சம்மன் வந்தது.

அவர் பெயரில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். இறந்துவிட்டார் என்று சொல்லுங்கள், ஊழியர் அதை எழுதிக்கொள்வார். முடிந்தால் இறப்புச் சான்றின் நகலைக் காட்டுங்கள். வழக்குப் போடும் முன்பே இறந்திருந்தால் அவர்மேல் போட்ட வழக்கே நிற்காது. நடுவில் இறந்திருந்தால் வாரிசுகளைச் சேர்க்க வாதிக்கு 90 நாள் உண்டு. அப்படிச் சேர்த்தால் உங்கள் பெயருக்கே தனியாக வரும்.

நான் வாதி. சம்மன் திரும்பித் திரும்பி வருகிறது. என்ன செய்வது?

முதலில் பேட்டா, அதாவது சம்மன் சேர்ப்பதற்கான கட்டணம், கட்டியிருக்கிறதா என்று வக்கீல் குமாஸ்தாவிடம் கேளுங்கள். பேட்டா கட்டாததால் சம்மன் போகவில்லை என்றால் வழக்கையே தள்ளுபடி செய்யலாம். சேராமல் திரும்பி வந்தால் 7 நாளுக்குள் புதுச் சம்மனுக்கு மனுச் செய்யவேண்டும்.

அப்புறம் முகவரி. கேரளத்தில் வீட்டுப் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள், தமிழ்நாட்டுப் பக்கம் கதவு எண்ணும் தெருவும் வேண்டும். 'கோபாலபுரம், பொள்ளாச்சி வழி' என்று மட்டும் எழுதினால் ஊழியர் பஸ் ஸ்டாண்டோடு திரும்பிவிடுவார். அப்பா பெயர், பஞ்சாயத்து, பக்கத்துக் கோயில் எல்லாம் சேர்த்து எழுதுங்கள். வீட்டை அடையாளம் காட்ட நீங்களே ஓர் ஆளை அனுப்புவதாக இருந்தால் சண்டைக்கு நிற்காத ஆளாக அனுப்புங்கள். சம்மனை உங்களிடமே கொடுத்து நேரில் சேர்க்க அனுமதிக்கும்படியும் கோர்ட்டைக் கேட்கலாம், சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 5 விதி 9ஏ. பகை முற்றிய வழக்கில் அதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம்.

சாட்சி சம்மன் வந்திருக்கிறது. எல்லை தாண்டிப் போய்த்தான் ஆகவேண்டுமா?

போகவேண்டும். கோர்ட்டிலிருந்து 100 கிலோமீட்டருக்குள், பஸ்ஸோ ரயிலோ பெரும்பகுதித் தூரத்துக்கு இருந்தால் 500 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவரை சிவில் கோர்ட் நேரில் வரச் சொல்லலாம். போக்குவரத்துச் செலவையும் படியையும் அழைக்கும் கட்சிக்காரர் முன்கூட்டியே கோர்ட்டில் கட்டவேண்டும், வாங்கிக்கொள்ளத் தயங்கவேண்டாம். காரணமில்லாமல் போகாவிட்டால் வாரண்ட் வரலாம், சொத்து ஜப்தியாகலாம், 5,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. உடம்பு முடியாதவர்கள் வீடியோ மூலம் சாட்சி சொல்லக் கேட்கலாம், கேரளக் கோர்ட்டுகளுக்கு 2021ஆம் ஆண்டிலிருந்து அதற்கென்றே விதிகள் இருக்கின்றன. அந்தக் கோரிக்கையை மருத்துவச் சான்றோடு, வாய்தாவுக்கு முன்பே, உங்களை அழைத்தவரின் வக்கீல் மூலம் கொடுங்கள்.